முற்றத்துக்கு ஏற்ற சிவப்புக் கோழி

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பேச்சு எழுந்ததும் பட்டியலில் முதலில் வந்து நிற்பது கோழிதான். மாட்டுக்குப் புல்லும் காணியும் வேண்டும், ஆட்டுக்குக் குழை வேண்டும், கோழிக்கு ஒன்றும் வேண்டாம் என்று உதவி செய்வோர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தோடு கூடுகளும் கோழிகளும் வாகனத்தில் வந்து இறங்குகின்றன. படம் எடுக்கப்படுகின்றது. ஆறு மாதம் கழித்து அதே முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் கூடு மட்டும் நிற்கும். அதற்குள் விறகு அடுக்கியிருக்கும். இதற்குக் குடும்பத்தின் கவலையீனத்தைக் காரணம் காட்டி அறிக்கை எழுதுவது நியாயமன்று என்பது எமது கருத்து. பெரும்பாலான இடங்களில் கொடுத்த கோழிதான் பிழை.

கொடுக்கப்படுவது எது? பெரும்பாலும் பாம்களுக்கென்று உருவாக்கப்பட்ட கலப்பின முட்டைக்கோழி. அதைக் குறை சொல்வதற்கில்லை. அதன் தொழிலை அது செய்கின்றது. நாளொன்றுக்கு 110 முதல் 120 கிறாம் வரையான சமச்சீர்த் தீன், மழைபடாத கொட்டில், ஒழுங்கான தடுப்பூசி, இரவில் வெளிச்சம் எல்லாம் கிடைத்தால் ஆண்டில் 300 முட்டை வரை இடும். தீன் குறைந்தால் முட்டையும் நின்றுவிடும். நின்ற பின் அது மெலிந்த உடம்போடு முற்றத்தில் நிற்கும். சட்டியில் போட்டாலும் எலும்புதான் மிஞ்சும். அதன் முட்டையில் குஞ்சு பொரித்தாலும் தாயின் குணம் குஞ்சுக்கு முழுமையாக வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சைக் கடையில்தான் வாங்க வேண்டும். கையில் மாதச் சம்பளம் இல்லாத குடும்பத்துக்கு இது உதவியல்ல, கடன்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு வந்த தடையால் சோள விளைச்சல் விழுந்தது. வெளியிலிருந்து சோளம் இறக்க டொலர் இருக்கவில்லை. தீனின் விலை ஏறிய வேகத்தில் சிறிய பாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. அந்த மாதங்களிலும் முற்றத்தில் புழு பூச்சி கிண்டித் தின்ற கோழிகள் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்தன. கடைத் தீனை நம்பி நிற்காத கோழி வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அப்படியானால் ஊர்க்கோழியே போதாதா? பலர் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. ஊர்க்கோழி தானே தீன் தேடும், தானே அடைகாக்கும், மரத்தில் ஏறிப் படுக்கும். ஆனால் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையாக ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு இடும். மொத்தம் நாற்பது ஐம்பது முட்டைதான். அதிலும் பாதி அடைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பிள்ளைகளின் தட்டுக்கு வருவது மிகக் கொஞ்சம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு கோழியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்: றோட் ஐலண்ட் றெட். விவசாயப் பாடப்புத்தகத்தில் வெள்ளை லெகோணோடும் கறுப்பு ஒஸ்ரலோப்போடும் சேர்த்துப் படித்த அதே பெயர்தான். ஊரில் பொதுவாகச் சிவப்புக் கோழி என்றே சொல்வோம்.

இந்தக் கோழியின் பிறப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது விவசாயிகளின் கையால் உருவானது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள றோட் ஐலண்ட் மிகச் சிறிய மாநிலம். அங்கு லிற்றில் கொம்ப்ரன் என்ற பகுதியைச் சேர்ந்த கமக்காரர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகரச் சந்தைக்கு முட்டையும் வேண்டும், இறைச்சியும் வேண்டும், கடுங்குளிரில் சாகவும் கூடாது என்று தங்கள் கோழிகளைத் தெரிந்து தெரிந்து பெருக்கினார்கள். நிறத்தையோ கொண்டையையோ அவர்கள் பெரிதாகப் பார்க்கவில்லை. நன்றாக இட்டதை வைத்துக்கொண்டார்கள், மற்றதை விற்றார்கள். கப்பலில் வந்திறங்கிய மலாய்ச் சாதிச் சிவப்புச் சேவல்களும் அதன் முன்னோரில் அடங்கும். எனவே இதை முழுக்க வெள்ளைக்காரரின் கோழி என்று ஒதுக்கவும் முடியாது. அதன் இரத்தத்தில் ஒரு பங்கு எமது கடற்பக்கத்திலிருந்து போனது. 1904இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனிச் சாதியாக ஏற்றது. 1925இல் அந்த ஊரார் கோழிக்கு ஒரு நினைவுக்கல்லே நாட்டினார்கள். 1954இல் அது அம்மாநிலத்தின் பறவையாகவும் ஆனது. கோழிக்கு நினைவுக்கல் வைத்த ஊர் வேறெங்கும் உண்டோ என்னவோ, அது அவர்களுக்குத் தந்த சோறு அப்படி.

அதன் குணங்களுக்கு வருவோம். வளர்ந்த பேடு ஏறத்தாழ 3 கிலோ, சேவல் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். ஊர்க்கோழிப் பேட்டின் நிறை ஒன்று, ஒன்றரைக் கிலோதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நிறம் அடர்ந்த சிவப்பு. வால் கறுப்பு, வெயிலில் பச்சை மினுங்கும். காலும் தோலும் மஞ்சள். ஐந்து ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். முட்டை மண்ணிறம், பெரியது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200க்கு மேல் இடக்கூடிய சாதி இது. முற்றத்தில் கிண்டித் தின்று மாலையில் ஒரு கைப்பிடி தவிடு தின்னும் கோழி அவ்வளவு இடும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். ஆண்டுக்கு 120 என்றே கணக்கிட்டாலும் ஐந்து பேட்டுக்கு 600 முட்டை. வாரத்துக்குப் பதினொன்று பன்னிரண்டு வரும். பிள்ளைகளுக்கு ஐந்தாறு, கடைக்கு ஐந்தாறு என்று பங்கிடலாம்.

இரு பயனுள்ள கோழி என்பதன் அருமை சேவற்குஞ்சில்தான் தெரியும். எந்த அடையிலும் பொரிப்பதில் பாதி சேவல். முட்டைக்கோழிச் சாதியில் சேவற்குஞ்சு எவருக்கும் வேண்டாத பொருள். பொரிப்பகங்களில் அன்றைக்கே அழித்துவிடுவார்கள். சிவப்புக் கோழியின் சேவலோ நாலைந்து மாதத்தில் இரண்டு கிலோவை அணுகும். நத்தாருக்கோ தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ அதை விற்கலாம். முட்டை குறைந்த வயதான பேட்டுக்கும் சந்தையில் விலை உண்டு. ஒன்றும் வீணாவதில்லை.

அதன் தாங்கும் குணம் பற்றி அதிகம் பேசுகிறார்கள். உண்மையில் இது குறைந்த தீனையும் எளிய கொட்டிலையும் சகித்துக்கொண்டு முட்டையிடும் சாதி. தீன் கொஞ்சம் குறைந்தால் முட்டை குறையும், அடியோடு நிற்காது. ஆனால் தாங்கும் என்றால் எதையும் தாங்கும் என்று பொருளல்ல. கனத்த உடம்புக்கு வன்னியின் சித்திரை, வைகாசி வெயில் பெரிய சோதனை. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்கும். நிழலும் தண்ணீரும் இல்லாத வெட்டவெளிக் காணியில், நட்ட மரம் இன்னும் முழங்கால் உயரத்தில் நிற்கும் புதுக் குடியேற்றங்களில், இதை விடுவது பாவம். ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லீற்றர் தண்ணீர் என்று வையுங்கள். வெயில் காலத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். தண்ணீர்ச் சட்டியை நிழலில் வைத்து நண்பகலில் ஒருமுறை மாற்றினால் பெரிய உதவி. முருங்கையும் பப்பாசியும் விரைவில் நிழல் தரும். கோழிக்கு இலையும் பழமும் தரும்.

இன்னொன்று, இது மரமேறிக் கோழியன்று. ஊர்க்கோழி மாலை மங்கியதும் மாமரத்தில் ஏறிவிடும். இந்தக் கனத்த கோழியால் அது முடியாது. நிலத்தில் படுத்தால் கீரிக்கும் மரநாய்க்கும் தெருநாய்க்கும் விருந்து. ஆகவே இரவுக்கூடு இல்லாமல் இதை வளர்க்க முடியாது. விலையுயர்ந்த கம்பிக்கூடு தேவையில்லை. நாலு கதியால் நட்டு, நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் பனை மட்டையால் தட்டுப் போட்டு, கிடுகால் கூரை வேய்ந்தால் போதும். தட்டின் இடைவெளியால் எச்சம் கீழே விழும். அள்ளி மிளகாய்ப் பாத்திக்குப் போடலாம், ஆனால் சில கிழமைகள் மக்கவிட்டுப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் கன்று கருகும். உள்ளே படுக்கும் தடி இரண்டடிக்கு மேல் உயரக்கூடாது. உயரத்திலிருந்து குதித்தால் இந்தக் கனத்துக்குக் கால் புண்ணாகும்.

அடுத்தது அடைகாத்தல். எருசலேமைப் பார்த்து ஆண்டவர் மனம் நொந்து பேசியபோது, குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியைத் தமக்கு ஒப்பிட்டார் அல்லவா? அந்தக் கோழி நிச்சயமாகச் சிவப்புக் கோழியாக இருந்திராது. இதன் பேடுகளில் பல அடைக்கு இருப்பதேயில்லை. இருந்தாலும் பாதியில் எழும்பிப் போய்விடும். முட்டை கூட வேண்டும் என்று பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததால் தாய்க்குணம் குறைந்துபோயிற்று. இதைச் சொல்லாமல் கோழியைக் கொடுப்பவர்கள் அரைகுறையாகக் கொடுக்கிறார்கள். மின்சாரமும் பொரிக்கும் பெட்டியும் இல்லாத வீட்டில் இந்தச் சாதி ஒரே தலைமுறையில் முடிந்துவிடும்.

இதற்கு வழி எமது கையிலேயே உண்டு. ஊர்க்கோழிப் பேட்டை விட்டுவிடாதீர்கள். நல்ல தாய்க்குணமுள்ள ஊர்ப் பேடுகள் இரண்டை வைத்திருந்தால் அவை சிவப்புக் கோழியின் முட்டையை அடைகாத்துத் தரும். இந்த முட்டை பெரியது என்பதால் சிறிய பேட்டுக்கு எட்டு ஒன்பதுக்கு மேல் வைக்க வேண்டாம்; ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். 21 நாளில் பொரிக்கும். குஞ்சு தன்னுடையதா பிறருடையதா என்று அந்தப் பேடு கேட்பதில்லை. கறையான் கிண்டிக் காட்டும், பருந்து வந்தால் குரல் கொடுக்கும். இந்தப் பாடத்தை எந்த மின்குமிழும் குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்காது. முதல் இரண்டு கிழமைக்குத் தாயையும் குஞ்சையும் கரப்பின் கீழ் கவிழ்த்து வைத்தால் காகத்துக்கும் பருந்துக்கும் தப்பும்.

சிவப்புச் சேவலை விட்டால் ஊர்க்கோழி அழிந்துபோகும் என்று கவலைப்படுவோரின் பேச்சை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஊரிலுள்ள சேவல்களையெல்லாம் விற்றுவிட்டுச் சிவப்புச் சேவலை மட்டும் வைத்தால், இரண்டு மூன்று தலைமுறையில் அடைகாக்கும் பேடு ஒன்றையும் தேடிப்பிடிக்க முடியாமற் போகும். முதற் கலப்பில் பிறக்கும் பேடுகள் நல்லவை. தாயைவிடக் கூட இடும், ஓரளவு அடையும் காக்கும். அதற்கு மேல் கலப்பைத் தொடர வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. ஒழுங்கையிலுள்ள நாலைந்து வீட்டார் பேசிக்கொண்டு ஒரு வீட்டில் சிவப்புச் சேவலும் இன்னொரு வீட்டில் ஊர்ச் சேவலுமாக வைத்திருக்கலாம். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். இரண்டு ஆண்டுக்கொருமுறை சேவலை அடுத்த ஊரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். தகப்பனே மகளோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, பொரித்தாலும் குஞ்சு சோம்பும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் றோட் ஐலண்ட் றெட் அன்று. பாம்களின் மண்ணிற முட்டைக்கோழியும் இந்தச் சாதியின் இரத்தத்திலிருந்து வந்ததுதான், எனவே பார்வைக்குச் சற்று ஒத்திருக்கும். நிறம் வெளிறிய மண்ணிறமாகவும், உள்ளே சிறகடி வெண்மையாகவும், கழுத்திலும் வாலிலும் வெள்ளைக் கீற்றும் இருந்தால் ஐயப்படுங்கள். சொண்டின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பாமிலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் எளிய சோதனை, சேவற்குஞ்சின் நிறம் என்ன என்று கேட்பது. பாம் கலப்பினத்தில் பேட்டுக்குஞ்சு மண்ணிறமாகவும் சேவற்குஞ்சு வெள்ளையாகவும் பொரிக்கும். பிரித்தெடுக்க வசதியாக அப்படியே ஒழுங்கு செய்திருக்கிறார்கள். உண்மையான சாதியில் இரண்டும் சிவப்பு. ஒரு நிறுவனம் சிவப்புக் கோழி என்று சொல்லிக் கொண்டுவந்து பங்கிட்டவற்றை நாம் பார்த்தோம். அவற்றில் ஒன்றின் வாலிலும் கறுப்பு இல்லை. கேட்டபோது எல்லாம் ஒன்றுதான் என்றார்கள்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. நியூகாசில் நோய்க்குச் சாதி தெரியாது. தலையைச் சாய்த்துக் கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் ஒழுங்கை முழுவதும் வெறுமையாகிவிடும். ஊர்க்கோழியும் சாகும், சிவப்பும் சாகும். வேப்பிலையும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அவை இந்த நோயை நிறுத்தாது. தடுப்பு மருந்து ஒன்றே வழி. நோயில்லாத காலத்தில் கண்ணில் ஒரு சொட்டு விட்டு மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை தொடர வேண்டும். மருந்துக் குப்பி ஒன்று பல நூறு கோழிக்கு வரும், திறந்தால் வைத்திருக்க முடியாது. ஆதலால் தனி வீட்டுக்கு வாங்குவது வீண். மாதர் சங்கமோ பங்கு மக்களோ ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்திய அலுவலகத்தோடு பேசி, ஊர்க் கோழி முழுவதற்கும் ஒரே நாளில் விடுங்கள். அதிகாலையில் கூட்டைத் திறக்குமுன் வைத்தால் துரத்திப் பிடிக்கும் பாடு இல்லை. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமைக்காவது தனியே கட்டி வையுங்கள்.

தீன் பற்றிக் கேட்பார்கள். அரிசித் தவிடு, குறுணல், தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன் தலையும் குடலும் அவித்தது, வீட்டு மிச்சம். மாலையில் கோழிக்கு 50 கிறாம் கொடுத்தால் ஆறு கோழிக்கு மாதம் 9 கிலோ. சிப்பி இடித்துப் போட மறக்க வேண்டாம்; இல்லையேல் தோல்முட்டை இடும். குஞ்சுகளுக்குக் கறையானைப்போல் தீன் வேறில்லை. பழைய மண்பானையில் சாணமும் வைக்கோலும் காய்ந்த பொச்சும் நிரப்பி ஈரமாக்கிப் புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது நிறைந்திருக்கும். எமது ஆச்சிமார் செய்தது இது.

இனி, எவருக்கு இந்தக் கோழி வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிறர் காணியில் இரண்டு பரப்புக்குள் கொட்டில் போட்டு இருப்பவர்கள் வேலியடைக்க வழியில்லாமல் இதை வாங்கக்கூடாது. கனத்த கோழி கிண்டினால் பாத்தி பாத்தியாகவே போய்விடும். காணிக்காரரின் கத்தரிக் கன்று போன இரண்டாம் நாள், இருக்க இடம் தந்த உறவும் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு ஊர்ப் பேட்டை வைத்துக்கொண்டு, பகலில் கட்டிவிட்டு மாலையில் அவிழ்ப்பதே நலம். நெருங்கிய வரிசை வீடுகளில் இருப்போரும் அப்படியே. நோய் வந்தால் அங்கே ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்கு ஓர் இரவு போதும்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், அதே ஆண்டு வடக்கைவிட்டுப் புத்தளம் போக நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களும் ஒன்றை நன்கு அறிவார்கள்: கிணற்றையும் பனையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பலர் புறப்படுமுன் கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். அப்படித் திறந்துவிட்டவருக்குக் கோழி கொடுக்கும்போது, இலக்கத்தை நிரப்புவதற்காகக் கொடுக்கக்கூடாது. எத்தனை கோழி பங்கிட்டோம் என்று எழுதும் நிறுவனங்கள், ஓராண்டு கழித்து எத்தனை வீட்டில் தன் வீட்டிலேயே பொரித்த குஞ்சு நிற்கின்றது என்பதையும் எழுத வேண்டும். கோழிக் காசு பெரும்பாலும் பெண்களின் கையில் புழங்கும் காசு. கணவனை இழந்து குடும்பம் நடத்தும் பெண்கள் எமது ஊர்களில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், கூடு எவ்வளவு பெரிது, கோழி எத்தனை என்று கொழும்பில் இருந்து தீர்மானிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

படிவம் கொண்டு வருவோரிடம் கேளுங்கள். ஐம்பது வேண்டாம், ஐந்து பேடும் ஒரு சேவலும் தாருங்கள் என்று கேளுங்கள். ஒருநாட் குஞ்சு வேண்டாம். சூடு காட்ட விளக்கில்லாத வீட்டில் அது பிழைக்காது. இரண்டு மாதம் கடந்த, தடுப்பு மருந்து விட்ட குஞ்சாகத் தாருங்கள், மருந்து விட்ட திகதியை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். மிச்சக் காசுக்குக் கிடுகும் கதியாலும் வேலிக்கம்பியும் கேட்கலாம். மாரிக்கு முன் வாங்கி ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குஞ்சைச் சாகக்கொடுக்க வேண்டாம். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்து களத்தில் நெல் சிந்திக் கிடக்கும், வயல் வரம்பில் வெட்டுக்கிளி நிறைந்திருக்கும். குஞ்சை அந்த நேரத்துக்குச் சொல்லி வையுங்கள். இப்போதே கூட்டைக் கட்டத் தொடங்கலாம்.